பிரஷர் வாஷர் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க வீட்டுக் குழாயைப் பாருங்க!

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் எந்த வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போனாலும் தெருமுனை வரை வரிசை நிற்கும். சொல்லிவைத்தாற்போல ஆன்லைன் தளங்களின் பண்டிகைக் காலத் தள்ளுபடியும் அதே நவராத்திரியை ஒட்டித்தான் வரும். எதிரே வரிசை, கையில் போன். 'இந்த மெஷினை நாமே ஒண்ணு வாங்கிப்போட்டா என்ன?' என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. மூன்றே நாளில் பெட்டி வீட்டுக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் 'தண்ணி விட்டு விட்டு வருதே', 'ஃபியூஸ் போயிடுச்சே' என்ற புலம்பல்கள் ஆரம்பிக்கும்.

முதலில் கணக்கு. வீட்டு உபயோகத்துக்கான ஓரளவு நல்ல மெஷின் ஒன்று சுமார் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெளியே காரைக் கழுவ ஒரு முறைக்கு 400 ரூபாய் கொடுத்து, மாதம் இரண்டு முறை கழுவும் குடும்பம் என்றால், பத்தே மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். வீட்டில் ஒரே ஒரு பைக், மாதம் ஒரு முறை 100 ரூபாய் கொடுத்துக் கழுவுகிறீர்கள் என்றால், அதே பணம் திரும்ப ஆறரை ஆண்டுக்கு மேல் ஆகும். அவ்வளவு காலம் மெஷினே தாங்குமா என்பது சந்தேகம். ஒற்றை பைக் வீட்டுக்கு ஒரு வாளி, ஷாம்பு, இரண்டு மைக்ரோஃபைபர் துணி போதும். கார் இருக்கிறது, கூடவே இரண்டு டூ வீலர் இருக்கிறது, வாசலும் மாடிப்படியும் பாசி பிடிக்கிறது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

பார்... பார்... எத்தனை பார்?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பார் கணக்கு. 120, 150, 200 என்று எண் கூடக் கூட நல்ல மெஷின் என்று நினைக்கத் தோன்றும். ஒரு பார் என்பது சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 32 பி.எஸ்.ஐ என்றால், 120 பார் என்பது சுமார் 1,740 பி.எஸ்.ஐ. அதாவது, டயர் காற்றைவிட 50 மடங்குக்கும் மேல். கார் பெயின்ட்டில் ஒட்டிய தூசியையும் சேற்றையும் நீக்க 100 முதல் 120 பார் தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் காசு காருக்கு அல்ல, சிமென்ட் தரைக்குத்தான் உதவும்.

இன்னொரு விஷயம். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் 'மேக்ஸிமம் பிரஷர்'. மெஷின் வேலை செய்யும்போது உண்மையில் கிடைப்பது 'ரேட்டட்' அல்லது 'வொர்க்கிங் பிரஷர்'. இது எப்போதும் குறைவாகவே இருக்கும், பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது ஒன்றின் மேக்ஸிமத்தையும் இன்னொன்றின் ரேட்டட் கணக்கையும் வைத்து ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். கூடவே, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வெளியேறும் என்பதையும் பாருங்கள். அழுத்தம் அழுக்கைப் பெயர்க்கும். பெயர்ந்த அழுக்கைத் தள்ளிக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. வீட்டு மாடல்களில் இது பெரும்பாலும் 5 முதல் 7 லிட்டர் வரை இருக்கும்.

ஒரு வாளி, ஒரு ஸ்டாப் வாட்ச்

நம் ஊர் வீடுகளில் பிரஷர் வாஷரைக் கவிழ்ப்பதே இந்த இடம்தான். மெஷின் எவ்வளவு தண்ணீரை வெளியே தள்ளுகிறதோ, அதைவிடக் கூடுதலாகக் குழாயிலிருந்து உள்ளே வர வேண்டும். மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்க்கிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு, ஒரு மாடி வீட்டில் ஒரு பார் அழுத்தம்கூட முழுசாக இருக்காது. பழைய அரை இன்ச் பைப், உள்ளே உப்புப் படிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். உள்ளே வருவது போதவில்லை என்றால் பம்ப் காற்றை இழுத்துத் திணறும். துப்பாக்கியில் தண்ணீர் இருமி இருமி வரும். அப்படியே தொடர்ந்து ஓட்டினால் பம்ப்பின் சீல்கள் போய்விடும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். வண்டி கழுவும் இடத்திலுள்ள குழாயை முழுசாகத் திறந்து, 10 லிட்டர் வாளியை வையுங்கள். போனில் ஸ்டாப் வாட்சை ஓடவிடுங்கள். டேங்க் பாதி காலியாக இருக்கும் நேரத்தில், சமையலறைக் குழாயும் திறந்திருக்கும்போது செய்தால் உண்மை தெரியும். ஒரு நிமிடத்துக்குள் வாளி நிறைந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டர் வருகிறது என்று அர்த்தம். வீட்டு மாடல் எதுவாக இருந்தாலும் பயமில்லை. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனால், குழாயில் நேரடியாக மாட்டும் யோசனையை விட்டுவிடுங்கள்.

அதற்காக மெஷினே வேண்டாம் என்றில்லை. 'செல்ஃப் பிரைமிங்' என்று குறிப்பிட்டிருக்கும் மாடல்கள் டிரம்மிலோ வாளியிலோ இருக்கும் தண்ணீரைத் தாமே உறிஞ்சிக்கொள்ளும். டேங்க்கை நம்பியிருக்கும் வீடுகளும், பார்க்கிங்கில் குழாயே இல்லாத அப்பார்ட்மென்ட்வாசிகளும் முதலில் தேட வேண்டியது இந்த வார்த்தையைத்தான். உறிஞ்சும் ஹோஸின் நுனியில் ஃபில்டர் இருக்க வேண்டும். ஓட்டுவதற்கு முன் அந்த ஹோஸைத் தண்ணீரால் நிரப்பி, காற்றை வெளியேற்றிவிட வேண்டும். டிரம் முறையில் இன்னொரு லாபமும் உண்டு. உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள ஏரியா என்றால், கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீரையோ நல்ல தண்ணீரையோ நிரப்பிக்கொள்ளலாம். கறுப்பு காரில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழாது.

குழாய்க்கு அடுத்து பிளக் பாயின்ட். 1,500 வாட்ஸ் மெஷின் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே, போன் சார்ஜ் போடும் 6 ஆம்பியர் பாயின்ட் இதற்கு ஆகாது. ஏ.சி., ஹீட்டருக்குக் கொடுப்பது போன்ற 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். டி.வி-க்கு வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வாசல் வரை இழுத்து மாட்டுவது ரொம்ப ஆபத்து. ஒயர் சூடாகி உருகும், அந்தப் பெட்டி கிடப்பதோ ஈரத் தரையில். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு மெஷினை ஆர்டர் செய்யுங்கள். ஷாக் அடித்தால் நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான். தண்ணீரும் கரன்ட்டும் ஒரே கையில் இருக்கும் வேலை இது.

மோட்டாரில் இரண்டு வகை. விலை குறைந்தவற்றில் கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார் இருக்கும். எடை குறைவு, சத்தம் அதிகம். பிரஷ் தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் பேசமாட்டார். இண்டக்‌ஷன் மோட்டார் கனமானது, விலையும் கூடுதல். ஆனால் சத்தம் குறைவு, ஆயுள் அதிகம். மாதம் இரண்டு முறை அரை மணி நேரம் ஓட்ட முதல் வகையே போதும். வாட்டர் சர்வீஸ் கடை மெஷின்போல நாள் முழுக்க ஓடும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. பேட்டரியில் ஓடும் கைத்துப்பாக்கி வகையறா தனி. பெயர் பெற்ற நிறுவனங்களின் மாடல்களே 20, 25 பாரைச் சுற்றித்தான் இருக்கும். தூசி தட்டலாம், காய்ந்த சேறு போகாது.

ஹோஸ் நீளத்தைப் பலரும் பார்ப்பதில்லை. மாருதி ஸ்விஃப்ட் 3.86 மீட்டர் நீளம். 3 மீட்டர் ஹோஸை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வர வேண்டுமானால், பம்பரத்துக்குக் கயிறுபோல மெஷினையும் கூடவே இழுத்துக்கொண்டு திரிய வேண்டும். 6 மீட்டருக்குக் குறையாமல் வாங்குவது நல்லது.

பைக்கில் கை வைக்கும் முன்

காருக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை. விசிறிபோல விரியும் 25 அல்லது 40 டிகிரி நாசிலைப் போட்டு, ஓர் அடிக்குக் குறையாத தூரத்தில் நின்று அடித்தால் போதும். கம்பிபோல ஒரே கோட்டில் பாயும் ஜீரோ டிகிரி நாசிலும், சுழன்றடிக்கும் டர்போ நாசிலும் பெயின்ட் பக்கமே வரக் கூடாது. ஸ்டிக்கர் உரியும், ஏற்கெனவே கீறல் இருந்தால் பெயின்ட் பெயரும். டயரின் பக்கச்சுவரில் நெருக்கமாக அடிப்பதும் கூடாது. வெளியே தெரியாத சேதம் உள்ளே நடக்கும்.

பைக்கில்தான் கவனம் அதிகம் வேண்டும். செயினில் உள்ள ரப்பர் சீல்கள், வீல் பேரிங், ஹேண்டில்பார் ஸ்விட்ச், சாவித் துவாரம், சைலன்சர் வாய், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் என எல்லாமே வெட்டவெளியில் இருக்கின்றன. பேரிங்கில் இருக்கும் கிரீஸை அழுத்தத் தண்ணீர் துடைத்தெடுத்துவிடும். அதன் விளைவு சில மாதங்கள் கழித்து 'கிர்ர்' சத்தமாக வரும். அப்போது யாருக்கும் வாஷர் ஞாபகம் வராது. வண்டி நன்றாக ஆறிய பிறகு கழுவுங்கள். கழுவியதும் செயினுக்கு லூப் அடித்து, நாலு தடவை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு ரோட்டுக்கு வாருங்கள்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 'பேட்டரி ஐ.பி 67, தண்ணிக்குப் பயமே இல்லை' என்று நம்பி நேராக அடிப்பவர்கள் உண்டு. அந்த எண்ணில் வரும் 7 என்பது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும் என்பதற்கான சோதனை. பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கான சோதனைகள் வேறு. 5, 6, 9 ஆகிய எண்கள் அதற்கானவை. மூழ்கினால் தாங்கும் பொருள் பீய்ச்சலையும் தாங்கும் என்று அந்தத் தரநிர்ணயம் உத்தரவாதம் தருவதில்லை. சார்ஜிங் போர்ட், டிஸ்ப்ளே, மோட்டார் ஒயர் சேரும் இடங்கள் ஆகியவற்றை ஈரத்துணியால் துடைப்பதே சரி.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியின் லாக்கைப் போடாமல் கீழே வைக்கவே கூடாது. விளையாட்டாகக் காலில் அடித்துக்கொண்டால்கூட இந்தப் பீய்ச்சல் தோலைக் கிழித்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. பெரியவர்களும் வெறுங்காலில் நின்று கழுவ வேண்டாம்.

'தண்ணீர் மிச்சமாகும்' என்ற விளம்பரத்தைப் பாதி நம்பலாம். நிமிடத்துக்கு 6 லிட்டர் மெஷினில் பத்து நிமிடம் டிரிக்கரை அழுத்தினால் 60 லிட்டர். டியூபைத் திறந்துவிட்டுக் கழுவுவதோடு ஒப்பிட்டால் இது சிக்கனம்தான். ஆனால், மூன்று வாளியில் காரைத் துடைத்து முடிப்பவரோடு ஒப்பிட்டால் செலவுதான். 2024 மார்ச்சில் பெங்களூரில் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சென்னைவாசிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. டிரிக்கரை விட்டதும் மோட்டார் தானாக நிற்கும் 'ஆட்டோ ஸ்டாப்' வசதி உள்ள மாடலா என்று பார்த்து வாங்குங்கள். மின்சாரமும் மிச்சம், பம்ப்புக்கும் நல்லது.

வாங்குவதற்கு முன் கடைசியாக ஒரு போன் கால். உங்கள் ஊரில், குறைந்தபட்சம் மாவட்டத் தலைநகரில், அந்த நிறுவனத்துக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, ஹோஸ், துப்பாக்கி, சீல் கிட் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பதில் சரியாக வரவில்லை என்றால், 1,000 ரூபாய் தள்ளுபடி கிடைத்தாலும் அடுத்த மாடலுக்குப் போய்விடுங்கள். பெட்டி வந்ததும் அடுத்த ஆயுத பூஜைக்கென்று பரணில் ஏற்ற வேண்டாம். தண்ணீரைத் திறந்து, கரன்ட் கொடுக்காமலேயே டிரிக்கரை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு ஸ்விட்சைப் போட்டு, ஒரு முழு வண்டியைக் கழுவிப் பாருங்கள். இணைப்புகளில் எங்கேயாவது ஒழுகுகிறதா, டிரிக்கரை விட்டால் மோட்டார் நிற்கிறதா என்பதெல்லாம் ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் தெரிந்துவிட வேண்டும்.