ரேகை தேய்ந்தால் ரேஷன் இல்லையா?



'எல்லாம் கம்ப்யூட்டர் மயம்' என்று பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். பட்டா, சாதிச் சான்றிதழ், ரேஷன்... எல்லாமே ஒரு பட்டனில் என்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பட்டன் யாருக்கெல்லாம் வேலை செய்யவில்லை என்று யோசித்திருக்கிறோமா?

தமிழ்நாட்டில் 2017 ஏப்ரலில் பழைய ரேஷன் கார்டு போய் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளில் கைரேகை முறை வந்தது. குடும்பத்தில் ஒருவர் விரல் வைக்க வேண்டும். ஆதார் பதிவோடு ஒத்துப்போனால் பில் வரும். போலி கார்டையும் கள்ளத்தனத்தையும் தடுக்கணும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

என் அம்மா 15 வருஷமாகச் சித்தாள் வேலை பார்க்கிறார். சிமென்ட்டிலும் செங்கல்லிலும் ரேகை தேய்ந்துவிட்டது. போன மாசம் ஐந்து தடவை விரல் வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. "வீட்ல வேற யாரையாச்சும் அனுப்பும்மா" என்றார் கடைக்காரர். மறுநாள் பிராக்டிகலை விட்டுவிட்டு நான் போனேன். ஒரே தடவையில் பில் வந்தது. உழைத்த கைக்கு இல்லாத மரியாதை உழைக்காத என் கைக்கு! என் பின்னால் நின்ற பாட்டிக்கு வீட்டில் வேறு ஆளே இல்லை. அவர் யாரை அனுப்புவார்?

மெட்ராலஜி லேபில் 'கோ, நோ-கோ' கேஜ் பார்க்கிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். டாலரன்சை ரொம்ப இறுக்கினால் உருப்படியான ஜாப்பும் ரிஜெக்ட் ஆகும். தளர்த்தினால் மோசமானதும் பாஸ் ஆகும். ரேகை மெஷினும் அப்படித்தான். கண்டிப்பைக் கூட்டினால் உண்மையான ஆளே வெளியே நிற்பார். குறைத்தால் போலி ஆள் உள்ளே வருவார். தப்பே செய்யாத மெஷின் உலகத்தில் இல்லை. ரிஜெக்ட் ஆன ஜாப்பை ஸ்கிராப்பில் போடலாம். மனுஷரைப் போட முடியுமா?

ஆகவே மெஷின் 'இல்லை' என்று சொன்ன பிறகு என்ன செய்வது என்பதைத்தான் முதலில் டிசைன் செய்ய வேண்டும். கருவிழிப் பதிவு, மொபைலுக்கு ஓடிபி, இரண்டும் முடியாவிட்டால் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசியைக் கொடுத்துவிடணும். விசாரணையை அதிகாரி அப்புறம் வைத்துக்கொள்ளட்டும். கடைக்கு வர முடியாதவர் வேறொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் உண்டு. அது எத்தனை பாட்டிகளுக்குத் தெரியும்? கடை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் என்ன?

2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் 70 வயது தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டு வாசலுக்கே தராசும் மெஷினும் வண்டியில் போயின. மெஷின் மனுஷரைத் தேடிப் போக முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் வாசலுக்கே வந்தாலும் தேய்ந்த ரேகை தேய்ந்ததுதான். மாற்று வழி அங்கேயும் வேண்டும்.

நண்பர்களே! நாளைக்கு இந்த மெஷின்களைச் செய்யப்போவதும் ரிப்பேர் பார்க்கப்போவதும் டிப்ளமோ படித்த நாம்தான். அதற்கு முன்னால் ஒரு நாள் ரேஷன் கியூவில் நின்று பார்ப்போம். கடைசியில் நிற்கும் பாட்டியின் பை நிரம்பியதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பெருமை பேசுவோம்!