ஸ்பானர் பிடித்தால் குறைச்சலா?

மழைக்காலம் வந்துவிட்டால் நம் மும்பையில் இரண்டு காட்சிகள் தவறாமல் அரங்கேறும். ஒன்று, கிங்ஸ் சர்க்கிளிலும் இந்துமாதா சந்திப்பிலும் முழங்கால் அளவு தண்ணீர். மற்றொன்று, அந்தத் தண்ணீரில் நின்றுபோன மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கைத் தேடி அலையும் நம் வீட்டுப் பிள்ளைகள். முதலாவதைப் பற்றி எழுதாதவர் இல்லை. இரண்டாவதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அந்தப் பிள்ளைகளில் பலர் பொறியியல் மாணவர்கள். எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் படம் வரைந்து பாகம் குறித்துவிடுவார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொன்னால் கையைப் பிசைவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. "அதெல்லாம் மெக்கானிக் பார்த்துக்குவான், நீ போய்ப் படி" என்று சொல்லி வளர்க்கும் வழக்கம் நம் வீடுகளில் அப்படி வேரோடிவிட்டது.

வண்டியை ஓட்டுகிறவனே வண்டியைப் பேண வேண்டும் என்பதைக் கண்டிப்பான பாடமாகக் கற்றுத்தரும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதன் பெயர் ட்ரையல்ஸ். மோட்டார் சைக்கிள் போட்டி என்றாலே நமக்கு வேகம்தான் நினைவுக்கு வரும். இதில் வேகத்தைவிட நிதானத்துக்குத்தான் மதிப்பு. பாறை, சேறு, ஓடை, செங்குத்து மேடு என்று குறிக்கப்பட்ட பகுதிகளைக் கால் தரையில் படாமல் கடக்க வேண்டும். ஒரு முறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி, இரண்டு முறைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறையானாலும் மூன்று. கடக்க முடியாமல் போனால் ஐந்து. குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். ஸ்காட்லாந்தில் நடக்கும் ஆறு நாள் ட்ரையல் 1909-ல் தொடங்கிய மிகப் பழைய போட்டி.

இந்த விளையாட்டில் வண்டி விழாத நாளே கிடையாது. ஆகவே பராமரிப்பும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. கிளட்ச், பிரேக் நெம்புகோல்களைக் கைப்பிடியில் இறுக்கி முடுக்க மாட்டார்கள். வண்டி விழுந்தால் நெம்புகோல் சற்றுச் சுழன்றுகொள்ளும், ஒடியாது. பாறையில் பிடிப்புக் கிடைப்பதற்காகப் பின் சக்கரத்தில் நான்கைந்து பவுண்டு காற்றுதான் வைப்பார்கள். தார்ச்சாலையில் அப்படி ஓட்டினால் ஆபத்து. அதனால் காற்றழுத்த மானி எப்போதும் பையில் இருக்கும். ஓடையைக் கடந்து வந்த வண்டியில் ஏர் ஃபில்டரைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவி மாட்டுவார்கள். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டி, ஓசை மாறுபடுவதைக் கொண்டே தளர்ந்தது எது என்று கண்டுபிடிப்பார்கள். பின் சஸ்பென்ஷன் மூட்டுகளைப் பிரித்து கிரீஸ் வைப்பார்கள். பீய்ச்சும் தண்ணீர்க் குழாயை பேரிங் பக்கம் திருப்பவே மாட்டார்கள். உள்ளே புகும் தண்ணீர் கிரீஸை விரட்டிவிட்டுத் துருவை விட்டுப்போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்துக்காரன் பாறையில் வண்டி ஓட்டுவதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. நம்மில் பலருடைய அப்பாக்கள், சித்தப்பாக்கள் ஆசை ஆசையாக வைத்திருந்த புல்லட் இந்த விளையாட்டில் புடம் போடப்பட்ட வண்டி. ஸ்விங்கிங் ஆர்ம் என்னும் பின்புற சஸ்பென்ஷனுடன் கூடிய புதிய ராயல் என்ஃபீல்டு புல்லட் முதலில் களம் கண்டது 1948-ல், இங்கிலாந்தின் கோல்மோர் ட்ரையல் போட்டியில். பின்புறம் ஸ்பிரிங் வைத்தால் கரடுமுரடான பாதையில் பிடிப்புப் போய்விடும் என்று நினைத்தவர்கள் அன்று நிறையப் பேர். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் இருவர் புல்லட் ஓட்டினார்கள். அவர்களில் ஒருவரான விக் பிரிட்டனின் மகன் ஜானி பிரிட்டன், ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரையலை 1952-லும் 1957-லும் ராயல் என்ஃபீல்டு வண்டியிலேயே வென்றார்.

அந்தச் சர்வதேச ஆறு நாள் போட்டியில் ஒரு விதி உண்டு. வழியில் வண்டி பழுதானால் ஓட்டுபவரே சரி செய்ய வேண்டும். வேறு யாரும் ஸ்பானரைத் தொடக் கூடாது. உலகத்தின் தலைசிறந்த ஓட்டுநர்கள் சேற்றில் உட்கார்ந்து தங்கள் கையாலேயே டியூப் மாற்றினார்கள். அதனால் யாருடைய மதிப்பும் குறைந்துவிடவில்லை.

1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவானது. திருவொற்றியூரில் புல்லட் தயாராகத் தொடங்கியது. இங்கிலாந்தில் பிறந்த வண்டிக்குத் தமிழ்நாடு புகுந்த வீடாயிற்று. ரெட்டிச்சில் இருந்த தாய்த் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்ட பிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. ஜானி பிரிட்டனின் நினைவைப் போற்றும் வகையில் 2019-ல் புல்லட் ட்ரையல்ஸ் என்ற பெயரில் ஒரு வண்டியும் வந்தது. அது அதிக நாள் நீடிக்கவில்லை. 2020-லேயே நின்றுபோயிற்று.

அந்தக் காலத்து புல்லட்டை வைத்திருந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அதை உதைத்துக் கிளப்புவதே ஒரு கலை. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷன் நெம்புகோலைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டுவிட்டு, பிறகுதான் உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். எஞ்சின் ஆறியிருக்கும்போது டாப்பெட் மூடியைத் திறந்து, புஷ்ராடை விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். மேலும் கீழும் ஆட்டமில்லாமல் தாராளமாகச் சுழன்றால் சரி. இதற்குக் கருவிகூடத் தேவையில்லை, விரல் நுனி போதும். அந்தத் தலைமுறைக்குத் தன் வண்டியின் உடம்பு தெரிந்திருந்தது.

"இப்போது வருவதெல்லாம் ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் வண்டி. கம்ப்யூட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நாம் கை வைத்தால் வாரண்டி போய்விடும்" என்பார்கள். பாதி நியாயம்தான். எஞ்சினைப் பிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் செயின் இன்னும் செயின்தான். பிரேக் கட்டை இன்னும் தேயத்தான் தேய்கிறது. டயரில் காற்று இன்னும் குறையத்தான் குறைகிறது. லோனாவாலா மலைப்பாதையில் இறங்கும் பையனின் உயிர் இந்த மூன்றையும் நம்பித்தான் இருக்கிறது. சர்வீசுக்கு விடுவது மூன்று மாதத்துக்கு ஒரு முறை. செயின் தொய்வதற்கும் பிரேக் தேய்வதற்கும் அப்படித் தவணை எதுவும் கிடையாது.

மழைத் தண்ணீர் விஷயமும் அப்படித்தான். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இந்த ஊரில் யாரும் மறக்க முடியாது. தண்ணீரில் மூழ்கிய வண்டியைக் கண்டதும் நம் கை தானாக ஸ்டார்ட்டர் பொத்தானுக்குத்தான் போகும். அதைத்தான் செய்யக் கூடாது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது எஞ்சினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும், செலவு பல ஆயிரத்துக்கு ஏறிவிடும். ட்ரையல்ஸ் ஓட்டுபவர் ஓடையில் விழுந்தால் முதலில் பிளக்கைக் கழற்றுவார். எஞ்சினைக் கையாலோ கிக்கராலோ மெதுவாகச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுவார். கார்புரேட்டர் கிண்ணத்தை வடிப்பார். எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் மாற்றிவிட்டுத்தான் கிளப்புவார். நம் பிள்ளைக்கு இவ்வளவும் செய்யத் தெரியாவிட்டாலும், பொத்தானைத் தொடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும் என்ற அளவாவது தெரிந்திருக்க வேண்டாமா?

மெக்கானிக்கின் பிழைப்பில் மண்ணைப் போடச் சொல்லவில்லை. விஷயம் தெரிந்தவன் வந்தால் நல்ல மெக்கானிக்குக்கு மகிழ்ச்சியே. "என்னமோ சத்தம் வருது, பார்த்துக் கொடுங்க" என்பதற்கும், "மூன்றாவது கியரில் பின்பக்கம் செயின் அடிக்கிறது" என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? முதல் ஆளிடம் என்ன பில் போட்டாலும் செல்லும்.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. கையில் கரி படும் வேலை நமக்குரியதல்ல என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. ஆயுத பூஜை அன்று வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். பூஜைக்கு முன்பு கருவியைத் துடைத்துச் சுத்தம் செய்வதும் அந்த வழிபாட்டின் ஒரு பகுதிதான். அதை மட்டும் வாட்டர் சர்வீஸ் கடைக்காரரிடம் விட்டுவிட்டோம். வணங்குகிற கருவியைத் தொட்டுத் துடைக்கக் கூச்சப்படுவது என்ன நியாயம்?

பெண் பிள்ளைகளையும் இதில் ஒதுக்க வேண்டாம். மகளிர் ட்ரையல்ஸ் உலகப் பட்டத்தை 14 முறை வென்றவர் ஸ்பெயின் நாட்டு லாயா சான்ஸ். நம் வீட்டுப் பெண்கள் ஸ்கூட்டரில் கல்லூரிக்கும் வேலைக்கும் போகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு வண்டி நின்றால் உதவி தேடி நிற்க வேண்டியவர்களும் அவர்கள்தான்.

எனவே சங்கத்துக்கு ஒரு யோசனை. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் நாம், மே மாதத்தில், மழை தொடங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கு ஒதுக்கலாம். ரயில்வே பட்டறையிலும் கப்பல் தளத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய கைத்திறன் வீட்டுத் திண்ணையோடு முடிந்துபோகக் கூடாது. ஒரு ஸ்பானர் செட், கொஞ்சம் டீசல், பழைய துணி, கிரீஸ் டப்பா, காற்றழுத்த மானி போதும். செயினைச் சுத்தம் செய்து தொய்வைச் சரி பார்ப்பது, பிரேக்கை அளந்து பார்ப்பது, பிளக்கைக் கழற்றி மாட்டுவது, கேபிளுக்கு எண்ணெய் விடுவது. நான்கே பாடங்கள். அப்பாவும் மகனும், அம்மாவும் மகளும் சேர்ந்து வரட்டும். நம் தாத்தாக்களிடமிருந்து பேரப்பிள்ளைகள் தமிழில் கற்றுக்கொள்ள இப்படியும் ஒரு பாடம் இருக்கட்டுமே.

சங்க நிர்வாகிகள் ஆவன செய்வார்கள் என்று நம்புகிறேன்.