பழைய உழவு இயந்திரமும் ஓட்டுபவர் உயிரும்

முன்னேஸ்வரத்தை அடுத்த தென்னந்தோட்டங்களில் இன்றும் உழைக்கும் உழவு இயந்திரங்களுட் சில, அவற்றை ஓட்டும் இளைஞரிலும் மூத்தவை. 2022இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குத் தாவியபின், புதியது வாங்கும் எண்ணத்தைச் சிறு விவசாயிகள் பலர் கைவிட்டனர். கொட்டிலிற் கிடந்த மாசி பெர்குசன் 35ஐயும் 135ஐயும் தட்டியெழுப்பினர்.

அது புத்தியான காரியமே. அவற்றின் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் இலகுவிற் சாவதன்று. தேய்ந்த லைனர், பிஸ்டன், வளையங்களை மாற்றினால் மீண்டும் உழும். 1960இல் சென்னையில் நிறுவப்பட்ட டாஃபே அதே மாசி பெர்குசன் மரபில் இயந்திரங்கள் செய்து வந்தமையால், உதிரிப்பாகங்களுக்கு இங்கிலாந்தை நோக்கவேண்டியதுமில்லை.

ஆனால் காசு முடையாகும்போது முதலில் வெட்டுப்படுவது எது? பிறேக்கும், கவிழ்ந்தால் ஓட்டுபவரை நசுங்காமற் காக்கும் இரும்புச் சட்டகமும். சிவப்பு வர்ணத்துக்கு மாத்திரம் எப்படியோ பணம் கிடைத்துவிடுகிறது! தென்னங்குற்றியை இழுக்கும் சங்கிலியைப் பின்னச்சுக்கு மேலே மாட்டிக் கிளச்சைச் சடுதியாக விட்டால், முன்சில்லுகள் எழும்பி இயந்திரம் பின்புறமாகக் கவிழும். குதித்துத் தப்ப அவகாசமில்லை. சுவீடன் 1959இலேயே புதிய உழவு இயந்திரங்களுக்குச் சட்டகத்தைக் கட்டாயமாக்கிற்று. பழையதற்கும் தக்க சட்டகத்தைப் பொருத்தலாம். மட்காட்டிலன்று, பின்னச்சுக் கூட்டில் உறுதியாகப் பூட்டவேண்டும். இருக்கைப் பட்டியும் வேண்டும்.

நாம் கேட்பது இதுதான்: புதிய இயந்திரத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள் பழையதைத் திருத்தவும் கொடுக்கட்டும். பிறேக்கும் சட்டகமும் பொருத்தியதைக் கண்ட பின்னரே இறுதித் தவணையை விடுவிக்கட்டும். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடன் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தாற் போதும்.