கண்மாய்க்குள் இருக்கும் பன்றிக்கு யார் பொறுப்பு?

மாண்புமிகு தமிழ்நாடு வனத்துறை அமைச்சர் அவர்களுக்கு,



காட்டுப்பன்றிகளைக் கட்டுப்படுத்த 2025 ஜனவரியில் அரசு பிறப்பித்த ஆணையை மானாவாரி விவசாயிகளாகிய நாங்கள் மனமார வரவேற்றோம். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்றது அந்த ஆணை. படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. எங்கள் புஞ்சைகளுக்கு அது ஏன் போதவில்லை என்பதைச் சொல்லவே இந்த மடல்.

ஆணை தூரத்தைக் காட்டிலிருந்து அளக்கிறது. எங்கள் பயிரை அழிக்கும் பன்றியோ காட்டிலிருந்து வருவதில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் வல்லநாடு, குருமலை போன்று விரல்விட்டு எண்ணக்கூடிய காடுகளே உண்டு. விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துப் பன்றிகள் குட்டி போடுவதும், பகலெல்லாம் படுத்துக் கிடப்பதும் ஓடைப் புறம்போக்கிலும், கண்மாய்க்குள்ளும், வைப்பாற்றுப் படுகையிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல முள்ளுக்குள்தான். அத்தனையும் பொது நிலம். கண்மாய் நீர்வளத் துறையிடமோ ஊராட்சி ஒன்றியத்திடமோ இருக்கிறது. புறம்போக்கு வருவாய்த் துறையின் கணக்கில் இருக்கிறது. பன்றி வனத்துறையின் சட்டத்தில் இருக்கிறது. முள்ளை யார் வெட்டுவது என்று கேட்டால் ஓர் அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள். பன்றியை யார் பிடிப்பது என்று கேட்டால் வேறோர் அலுவலகம். அலைவது விவசாயி.

மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவத்தில் ஒரு காலை நேரம் நீங்களே வந்து பார்க்க வேண்டும். ஆள் உயரத் தட்டை அடியோடு சாய்ந்து கிடக்கும். தோகை கிழிந்த கதிரில் இரண்டு கடி கடித்துவிட்டு, பன்றி அடுத்த தட்டைக்குப் போயிருக்கும். தின்றதைவிட மிதித்ததே அதிகம். வரப்பைச் சுற்றிக் கட்டிய பழைய சேலைகள் அப்படியே இருக்கும். சலூனிலிருந்து வாங்கி வந்து தூவிய தலைமுடியும் அப்படியே கிடக்கும். இரண்டுக்கும் பன்றி பழகிவிட்டது. ஈர மண்ணில் குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தால் அது ஓடைக்குள் போய் முள்ளடியில் நுழையும். எதிரே தெரிவது வேலியில்லாத அரசு நிலம். அதற்குள் கால் வைத்து எதையும் செய்ய எங்களுக்கு உரிமை இல்லை. உரிமை உள்ளவர்கள் வருவதும் இல்லை.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விளைந்து நிற்கும் பயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கை அழிக்க எழுத்து மூலம் அனுமதி தரும் அதிகாரத்தைத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் அவர் அதிகாரம் அளிக்கும் அலுவலர்களுக்கும் தருகிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணைக்கு வந்துவிட்ட காட்டுப்பன்றிக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். குறை இருப்பது நடைமுறையில். அதைச் சரிசெய்ய ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, பொது நிலத்துக்கென்று தனி விதி வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கண்மாய், ஓடை, ஆற்றுப் புறம்போக்குகளில் பன்றி தங்கும் இடங்களை ஊர்வாரியாகப் பட்டியலிட்டு, வட்டத்துக்கு ஓர் அலுவலரை முழுப் பொறுப்பாக்குங்கள். விவசாயி ஒரே ஓர் அலுவலரிடம் மனுக் கொடுத்தால் போதும் என்ற நிலை வர வேண்டும். மற்றத் துறைகளிடம் பேசுவது அந்த அலுவலரின் வேலையாக இருக்கட்டும்.

இரண்டாவது, முடிவுக்குக் கெடு வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனப் பணியாளர் ஆகியோர் கொண்ட ஊர்க்குழு வழியாகப் பன்றிக் கட்டுப்பாடு நடக்கும் என்றது ஆணை. ஆனால் எங்கள் மாவட்டம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அதே 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லாத ஊரில் குழுவை யார் கூட்டுவது என்பதற்கு ஆணையிலேயே பதில் இருக்க வேண்டும். கேரளம் 2022இல் அந்தந்த உள்ளாட்சித் தலைவருக்கே சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. முடிவு ஊரிலேயே ஏழு நாளுக்குள் எடுக்கப்பட வேண்டும். துப்பாக்கி பயிற்சி பெற்ற கையில் மட்டுமே இருக்க வேண்டும். பால் பிடித்த கதிர் முற்ற சில வாரங்களே ஆகும். கோப்பு அதற்குள் திரும்பாவிட்டால் அனுமதியால் பயன் இல்லை.

மூன்றாவது, சுடுவதைவிடக் கூட்டத்தோடு பிடிப்பதற்கு முதலிடம் கொடுங்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இயற்கைவளப் பாதுகாப்புத் துறை 2016இல் தன் பொறுப்பில் உள்ள பொது நிலங்களில் பன்றி வேட்டைக்குத் தடை விதித்தது. பன்றிமேல் இரக்கப்பட்டு விதித்த தடை அல்ல அது. வேட்டைக்குப் போகிறவர் ஒன்றிரண்டைச் சுடுவார். மீதி சிதறி ஓடிப் புது இடத்தில் பெருகும். மனித வாடையைக் கண்டாலே விலகவும் கற்றுக்கொள்ளும். அதனால் தினமும் இரை வைத்துப் பழக்கி, குட்டியிலிருந்து தாய் வரை எல்லாம் உள்ளே வந்த பிறகு கதவை இறக்கும் பெரிய கூண்டுகளை அங்கே நம்புகிறார்கள். எங்கள் ஓடைகளுக்குள் ஆடு மேய்ப்பவரும், விறகு பொறுக்கும் பெண்களும், கரிமூட்டம் போடுகிறவர்களும் நடமாடுகிறார்கள். அங்கே இரவில் சுடுவதைவிடக் கூண்டு பாதுகாப்பானது. சுட்டே ஆக வேண்டும் என்றால், முதல் நாளே ஊரில் ஒலிபெருக்கி வைத்து அறிவிப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

பிடித்ததைக் காட்டில் கொண்டுபோய் விடுவது பற்றியும் மறுபடி யோசிக்க வேண்டும். முதுமலையில் இறந்த காட்டுப்பன்றிகளுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருந்தது 2023 ஜனவரியில் தெரியவந்தது. மனிதருக்குத் தொற்றாது என்றாலும், பன்றிக் கூட்டங்களையே அழிக்கக்கூடிய நோய் அது. ஊர்ப்புறத்துப் பன்றியைச் சோதிக்காமல் காட்டுக்குள் விட்டால் அங்குள்ள பன்றிக்கும் கேடு. அதைத் தின்று வாழும் புலிக்கும் செந்நாய்க்கும் இரை குறையும். காட்டுக்குள் இருக்கும் பன்றிமேல் எங்களுக்கு எந்தப் பகையும் இல்லை. முதல் 1 கிலோமீட்டருக்கான தடையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

நான்காவது, பன்றிக்கு வீடாகிவிட்ட முள்ளை அகற்றுங்கள். அயல் தாவரங்களை அகற்ற 2022இல் அரசே கொள்கை வகுத்திருக்கிறது. சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் உத்தரவிட்டிருக்கிறது. ஆடி, ஆவணியில் கண்மாய் வறண்டிருக்கும்போது பகுதி பகுதியாக வேரோடு எடுத்தால், புரட்டாசி விதைப்புக்கு முன்பே பன்றிக்கு மறைவிடம் குறைந்துவிடும். வெட்டும் மரத்தை உள்ளூர்க் கரிமூட்டத் தொழிலாளர்களுக்கே கொடுங்கள். அவர்கள் பிழைப்பும் கெடாது, வேலையும் நடக்கும். முள்ளை விட்டுவிட்டுப் பன்றியை மட்டும் குறைத்தால் அடுத்த பருவத்தில் வேறு கூட்டம் வந்து குடியேறும்.

ஐந்தாவது, அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடிக்கும் திருட்டு மின்வேலிக்கும் எந்தச் சலுகையும் வேண்டாம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்காகப் போட்ட சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிற விவசாயியும் இதே கம்பியில்தான் மாட்டிக்கொள்கிறார். பன்றிக்காக வைத்த வெடி ஆட்டின் வாயையும் நாயின் வாயையும் கிழிக்கிறது. இவற்றைச் செய்கிறவர்கள்மேல் நடவடிக்கை எடுங்கள். அதே நேரத்தில், நேர்வழி ஒன்று திறந்திருந்தால் பெரும்பாலானோர் குறுக்கு வழிக்குப் போக மாட்டார்கள் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். பன்றி அழித்த பயிருக்கான இழப்பீடும் பட்டா வைத்திருப்பவரோடு நிற்காமல் குத்தகைக்கு உழுகிறவருக்கும் கிடைக்க வேண்டும், விதைத்தவர் அவர்தான்.

அமைச்சர் அவர்களே, ஒரு வட்டத்தில் தொடங்குங்கள். வனம், வருவாய், நீர்வளம், ஊரக வளர்ச்சி ஆகிய நான்கு துறை அலுவலர்களையும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரே மேசைக்கு அழையுங்கள். விவசாயிகளையும் உட்கார வையுங்கள். கண்மாய்வாரியாகப் பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்படட்டும். பிடித்தது எத்தனை, சுட்டது எத்தனை, சுட்டதைப் புதைத்தது எங்கே என்பதும் அதே சுவரில் வரட்டும். வரும் புரட்டாசி விதைப்புக்கு முன் இது நடந்தால் போதும். முள் வெட்டவும், கூண்டுக்குக் காவல் இருக்கவும், தடம் காட்டவும் ஊர்தோறும் ஆள் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவர்,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.