சட்டம் நம்ம பக்கம்: லேசா இடிச்சதுக்கு 'இடுப்பே போச்சு'ன்னு கேஸா? பதறாம இதைச் செய்யுங்க!

சிக்னலில் பச்சை விழுகிறது. முன்னால் நின்ற பைக் கிளம்பி, சட்டென்று பிரேக் பிடிக்கிறது. பின்னால் வந்த காரின் பம்பர் லேசாகத் தட்ட, பைக்காரர் சாய்ந்து விழுகிறார். முழங்கையில் சிராய்ப்போடு உடனே எழுந்தும் நிற்கிறார். காரை ஓட்டி வந்த பெண் பதறிப்போய் இறங்குவதற்குள் நாலு பேர் கூடிவிடுகிறார்கள். "ரெண்டாயிரத்தைக் கொடுத்து அனுப்பிடும்மா, ஸ்டேஷன், கேஸுன்னு போனா அலைச்சல்" என்று பஞ்சாயத்தும் முடிந்துவிடுகிறது. ஜிபே-யில் பணம் போகிறது. பைக் கிளம்புகிறது.

ஐந்து மாதம் கழித்து வீட்டுக்கு சம்மன் வருவதாக வைத்துக்கொள்வோம். இடுப்பில் நிரந்தர பாதிப்பு, வேலைக்கே போக முடியவில்லை, 8 லட்சம் ரூபாய் இழப்பீடு வேண்டும் என்று மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு. 'அன்னிக்கு எழுந்து வண்டியை ஓட்டிட்டுப் போன ஆளாச்சே!' என்று குடும்பமே கொதிக்கும். ஆனால், அதைக் காட்ட கையில் ஒரு காகிதம் இருக்காது. இருக்கும் ஒரே பதிவு அந்த 2,000 ரூபாய். அதையும் 'தப்பை ஒப்புக்கொண்டு கொடுத்த பணம்' என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார்.

இந்தச் சிக்கலுக்கான மருந்து, சம்மன் வந்த பிறகு தேட வேண்டியதல்ல. விபத்து நடந்த அன்றே செய்ய வேண்டிய மூன்று, நான்கு வேலைகளில் இருக்கிறது.

'நடிக்கிறார்' என்று முடிவு கட்டாதீர்கள்

அடிபட்ட அன்று ஒன்றும் தெரியாமல், மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் போவது உண்மையிலேயே நடக்கும். பின்னாலிருந்து இடிபடும்போது கழுத்துத் தசைகள் இழுபடுகின்றன. அந்த வலி சில மணி நேரம் கழித்தோ, அடுத்த நாளோதான் தலைகாட்டும். எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகலாம். அதனால் மறுநாள் போன் வந்தால், "நேத்து நல்லாத்தானே இருந்தீங்க?" என்று எகிற வேண்டாம். உண்மையான வலிக்கும் ஊதிப் பெரிதாக்கிய வலிக்கும் வித்தியாசம் சொல்ல வேண்டியவர் டாக்டர், நாம் அல்ல.

ஆகவே, சின்னச் சிராய்ப்பாக இருந்தாலும், "வாங்கண்ணே, ஆஸ்பத்திரில ஒரு தடவை காட்டிடலாம்" என்று கூப்பிடுங்கள். இது வெறும் மனிதாபிமானம் மட்டுமல்ல. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு ஓட்டுநர் மீது வைத்திருக்கும் கடமை. அரசு மருத்துவமனையில் விபத்து என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். கோர்ட் வட்டாரத்தில் 'ஏ.ஆர். காப்பி' என்பது இதைத்தான். எத்தனை மணிக்கு வந்தார், நடந்து வந்தாரா, எங்கெங்கே காயம், விபத்து எப்படி நடந்ததாகச் சொன்னார் என எல்லாம் அதில் பதிவாகும். பின்னாளில் இடுப்பு எலும்பு முறிவு என்று மனு வந்தால், எல்லோரும் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த ஒரு பக்கத்தைத்தான். நிஜமாகவே அடிபட்டவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

24 மணி நேரம்

அதே 134-வது பிரிவு இன்னும் இரண்டு வேலைகளைச் சொல்கிறது. சம்பவ இடத்தில் போலீஸ் இல்லையென்றால், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் பாலிசி எண், நடந்த நாள், நேரம், இடம், அடிபட்டவர் விவரம், ஓட்டியவரின் பெயர், லைசென்ஸ் விவரம் ஆகியவற்றை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது தந்தால் வாங்கி பத்திரப்படுத்துங்கள்.

இன்ஷூரன்ஸுக்குச் சொல்லப் பலர் தயங்குவது 'நோ க்ளெய்ம் போனஸ்' போய்விடுமே என்ற பயத்தில். அந்த போனஸ் உங்கள் காரின் சேதத்துக்கான பகுதியைச் சேர்ந்தது. தகவல் சொல்வது வேறு, க்ளெய்ம் கேட்பது வேறு. ஒரு மெயில் அனுப்புவதால் போனஸ் பறிபோகாது.

பாலிசியின் பின்பக்கப் பொடி எழுத்துகளில் ஒரு நிபந்தனை இருக்கும். நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ, பணம் கொடுக்கவோ கூடாது. ரோட்டோர பஞ்சாயத்தில் நாம் செய்வது அத்தனையும் இதற்கு நேர் எதிர்! ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது உதவி. 'தப்பு என்னோடதுதான், எவ்வளவு ஆனாலும் பார்த்துக்கறேன்' என்று வாட்ஸ்அப்பில் எழுதுவது வம்பு.

வண்டிகளை நகர்த்தும் முன் போட்டோ எடுங்கள். இரண்டு நம்பர் பிளேட்டும், இடிபட்ட இடமும், தெருவும் தெரிய வேண்டும். பம்பரில் கீறல்கூட இல்லை என்றால் அதையும் எடுக்க வேண்டும். டேஷ்கேம் பதிவைத் தனியாகச் சேமியுங்கள். எதிர்க்கடை சிசிடிவியில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும் என்பதால், கடைக்காரரிடம் அன்றோ மறுநாளோ கேட்டுவிடுவது நல்லது.

எல்லாம் அந்தச் சதவிகிதத்தில்தான்

2,000 ரூபாய் சமாசாரம் எப்படி 8 லட்சம் ஆகிறது? 38 வயது, மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,80,000. சம்பாதிக்கும் திறனில் 10% போனது என்றால் ஆண்டு இழப்பு 18,000. அந்த வயதுக்கு, சரளா வர்மா வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த பட்டியல்படி 15-ஆல் பெருக்க வேண்டும். ஆக 2,70,000 ரூபாய். அதே ஆளுக்கு 30% என்று எழுதிவிட்டால்? 8,10,000. சிகிச்சைச் செலவு, வலிக்கான தொகை எல்லாம் தனி. ஒரு சான்றிதழில் ஓர் எண் மாறினால் போதும், லட்சங்கள் எகிறும்.

இந்த இடத்தில்தான் ராஜ்குமார் - அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு கைகொடுக்கிறது. உடல் ஊனச் சதவிகிதமும், வருமான இழப்புச் சதவிகிதமும் ஒன்றல்ல என்று அது தெளிவாகச் சொன்னது. இடது கை போனால் ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடலாம்; அரசு குமாஸ்தாவுக்கு வேலை தொடரலாம். ஒரு காலுக்குச் சொன்ன சதவிகிதம் முழு உடம்புக்கும் ஆகாது. சான்றிதழை நீட்டினால் மட்டும் போதாது, சிகிச்சை தந்த அல்லது ஊனத்தை மதிப்பிட்ட டாக்டர் சாட்சி சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணைக்கும் உட்பட வேண்டும். தேவைப்பட்டால் மனுதாரரை மருத்துவக் குழுவிடம் அனுப்பலாம். சிகிச்சையே தராத டாக்டர் கடைசி நேரத்தில் எழுதித் தந்த சான்றிதழ் அங்கேதான் ஆட்டம் காணும்.

சம்மனில் பெரும்பாலும் வண்டி உரிமையாளர் முதல் எதிர்மனுதாரர், இன்ஷூரன்ஸ் நிறுவனம் இரண்டாவது. 'பணம் கட்டப்போறது அவங்கதானே' என்று சம்மனைப் பரணில் போட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வரும். அன்று நடந்ததைச் சொல்ல எதிர்த்தரப்பில் ஆளே இருக்காது. சம்மன் நகலை உடனே நிறுவனத்துக்கு அனுப்பி, அவர்களின் வக்கீலுக்கு ஏ.ஆர். விவரம், போட்டோ, ரசீது எல்லாம் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். இருப்பதாலேயே தப்பு உங்களுடையது என்று ஆகிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

நடுவில் 'மூணு லட்சம் கொடுத்தா கேஸை வாபஸ் வாங்க வெச்சிடறேன்' என்று யாராவது போன் செய்யலாம். பேரம் பேசாதீர்கள், மனுதாரர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போடவும் வேண்டாம். சமரசம் என்றால் அதற்கு லோக் அதாலத் இருக்கிறது. அங்கே நிறுவனமும் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

குடும்பத்தின் சேமிப்பு கரைவது எப்போது?

இன்ஷூரன்ஸ் காலாவதியான காரில் விபத்து நடந்தால், தீர்ப்பாயம் சொல்லும் மொத்தத் தொகையும் உரிமையாளர் தலையில்தான். 'தம்பி ஓட்டிப் பழகட்டும்' என்று லைசென்ஸ் இல்லாதவரிடம் சாவியைக் கொடுத்திருந்தால், நிறுவனம் முதலில் கட்டிவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கும்படி உத்தரவு வரலாம். ஊதிப் பெரிதாக்கிய க்ளெய்ம் என்று தெரிந்தாலும், அதை எதிர்த்து நிற்கும் வக்கீல் செலவும் அப்போது நம்முடையதுதான். பாலிசி முடியும் தேதியை இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே ரோட்டில் பணம் கொடுத்து அனுப்பியவர்கள், அந்த ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன காயம், எதற்காகக் கொடுத்தீர்கள், கூட யார் இருந்தார்கள் என்று நினைவிருக்கும்போதே எழுதி, தாமதமானாலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு மெயில் செய்துவிடுங்கள்.