கொடை மேடையில் கிட்டாருக்கும் ஒரு பெட்டி

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று மேற்கு மலையடிவாரத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்களில் கோயில் கொடை வந்துவிட்டால் மைக் செட்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. ஒரு நாள் வில்லுப்பாட்டு, இன்னொரு நாள் கரகாட்டமும் நையாண்டி மேளமும், வரி கூடுதலாகப் பிரிந்த ஊர் என்றால் ஓர் இன்னிசைக் கச்சேரியும் உண்டு. மேடையின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பெட்டிகள் ஏறுகின்றன. கீழே 18 இஞ்ச் பேஸ், அதன்மேல் டாப். கீபோர்டுக்கு இரண்டு வயர், ரிதம் பேடுக்கு இரண்டு வயர், பாடகர்களுக்கு நல்ல மைக்குகள். கிட்டார்காரர் வந்து நின்றால், தரையில் சுருண்டு கிடக்கும் வயர் ஒன்றை நீட்டி, "இதுல சொருகிக்கோங்கண்ணே" என்பதோடு அவர் கதை முடிந்துவிடுகிறது.

அந்த வயரை நீட்டுகிறவர்களும், வாங்கிச் சொருகுகிறவர்களும் இந்த இதழின் வாசகர்கள். இரு தரப்புக்கும் இந்த மாதம் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கிட்டாரின் சுத்தமான ஒலிக்கு ஆம்ப்ளிஃபயரின் வாட் கணக்கைக் காட்டிலும் ஸ்பீக்கரும், அது உட்காரும் பெட்டியும், பெட்டி வைக்கப்படும் இடமும் முக்கியம். ஜாஸ் கிட்டார் வாசிப்பவர்கள் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதைக் கைப்பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். தென்காசி மாவட்டத்துக் கச்சேரி மேடைகளுக்கு அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஜாஸ் எதற்கு இங்கே என்று கேட்கலாம். ராக் கிட்டாருக்கு ஆம்ப் உடைந்து உறுமினால்தான் அழகு. ஜாஸ் கிட்டாரில் ஏழாம், ஒன்பதாம் சுரங்கள் சேர்ந்த நெருக்கமான கார்டுகள் வருகின்றன. ஆம்ப் கொஞ்சம் உடைந்தாலும் அந்தச் சுரங்கள் ஒன்றோடொன்று மோதி, மூலக் கார்டில் இல்லாத புதுச் சுரங்களைக் கிளப்பி, எல்லாம் கலங்கிப் போகும். எம்.எஸ்.விஸ்வநாதனின் கிளப் பாடல்களிலும் இளையராஜாவின் பாடல்களிலும் அப்படிப்பட்ட கார்டுகள் ஏராளம். ஊர்த் திருவிழாவில் அந்தப் பாடல்களை வாசிக்கும் கலைஞர், தன்னை ஜாஸ் கிட்டார்காரர் என்று நினைத்துக்கொள்ளாவிட்டாலும், அவருக்குத் தேவைப்படும் ஒலி ஜாஸ் கிட்டார்காரருக்குத் தேவைப்படும் அதே ஒலிதான்.

ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் 1939-இல் பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தபோது அவர் கையில் இருந்தது 1936-இல் வந்த கிப்சன் ஈஎஸ்-150 கிட்டார். அதோடு ஜோடியாக விற்கப்பட்ட ஈஹெச்-150 ஆம்பின் சக்தி ஏறக்குறைய 15 வாட்தான். எக்காளமும் சாக்சஃபோனும் முழங்கும் இடத்தில் அந்தச் சிறு பெட்டியை வைத்துக்கொண்டு அவர் கிட்டாரைத் தனி வாத்தியமாக நிமிர்த்தினார். 1942-இல், 25 வயதில் இறந்தும் போனார். பின்னால் வந்த ஜிம் ஹால் பல ஆண்டுகள் கிப்சன் ஜிஏ-50 என்ற ஆம்பையே நம்பியிருந்தார். 12 இஞ்சும் 8 இஞ்சுமாக இரண்டு ஸ்பீக்கர் கொண்ட பெட்டி அது. ஜோ பாஸ் விரும்பியது, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பாலிடோன் என்ற டிரான்சிஸ்டர் ஆம்பை. கொல்கத்தாவில் கார்ல்டன் கிட்டோ, 2016-இல் மறையும் வரை, சார்லி கிறிஸ்டியன் வழியில் பெபாப் என்ற ஜாஸ் பாணியை வாசித்தார். பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தார். இவர்கள் யாரும் வாட் கணக்கைத் துரத்தியவர்கள் அல்லர்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறதோ அதுதான் அதன் உணர்திறன். வீட்டு ஹைஃபை ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 90-ஐ ஒட்டி நிற்கும். நல்ல கிட்டார் ஸ்பீக்கர் 97 முதல் 100 வரை போகும். வாட்டை இரு மடங்கு ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். பத்து மடங்கு ஆக்கினால் 10 டெசிபெல். ஆக, 90 டெசிபெல் ஸ்பீக்கரை 100 வாட் ஆம்பில் மாட்டினால் கிடைப்பது 110. 99 டெசிபெல் ஸ்பீக்கரை 15 வாட் ஆம்பில் மாட்டினால் 110-க்கும் சற்று மேல். விலைப்பட்டியலில் 100 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறவர், ஸ்பீக்கரின் விவரக்குறிப்பில் உள்ள சிறு எழுத்தைப் படிக்காமல் பணத்தை இழக்கிறார். சுத்தமான ஒலிக்கு வாட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்க வேண்டும் என்பது உண்மை. அந்த மிச்சத்துக்கு 50, 60 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் தாராளம்.

அடுத்து, குழாய். தென்னை மரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி கிடைப்பது அரிதாகிவிட்டாலும் ஊர்ப்புறங்களில் அது முழுக்க மறையவில்லை. பேச்சுக்காகவே பிறந்த கருவி அது. ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் பாட முடியாது. கிட்டாரின் திறந்த தந்திகளை எடுத்துக்கொள்வோம். தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ், அடுத்தது 110, பிறகு 147, 196, 247. கடைசி மெல்லிய தந்தி மட்டும் 330. ஆறில் ஐந்து தந்திகளின் அடிநாதத்தைக் குழாய் விழுங்கிவிடுகிறது. ஊர்க்கோடியில் நிற்பவருக்குக் கிட்டார் தகரம் தட்டுவதுபோல் கேட்டால் பழி வாசித்தவர்மேல் விழுகிறது.

இந்தக் காலத்து டவர் பெட்டிகளில் சிக்கல் வேறு விதம். அவற்றின் டாப்பில் இருக்கும் ஹார்ன் 15,000 ஹெர்ட்ஸ் தாண்டியும் ஒலிக்கும். கிட்டார் ஸ்பீக்கரோ 5,000 ஹெர்ட்ஸை ஒட்டித் தானாகவே சரிந்துவிடும். எலெக்ட்ரிக் கிட்டார் என்று நம் காது பழகியிருப்பது அந்தச் சரிவோடு சேர்ந்த ஒலியைத்தான். நேராக மிக்ஸரில் சொருகினால் தந்தியில் விரல் உரசும் சத்தமும் பிக் கிளிக்கும் ஊர் முழுக்கப் பரவும். மிக்ஸரில் நிற்பவர் 5,000-க்கு மேலே வெட்டி, 80-க்குக் கீழேயும் வெட்டினால் பாதி நோய் போகும். மீதிப் பாதிக்குக் கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவே மாட்டும் டிஐ பெட்டி வேண்டும். கிட்டாரின் பிக்கப்புக்கு எதிரே ஏறக்குறைய ஒரு மெகா ஓம் இருந்தால்தான் அது முழு மூச்சு விடும். சில ஆயிரம் ஓம் மட்டுமே உள்ள மைக் இன்புட்டில் சொருகினால் மேல் சுரங்கள் செத்துப் போகும். அந்தக் குறையை மூடத்தான் ட்ரெபிளைத் திருகுகிறார்கள். திருகத் திருகக் காதில் குத்துகிறது.

இனி பெட்டி. பின்புறம் திறந்த பெட்டி, மூடிய பெட்டி என்று இரண்டு வகை. ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் திறந்தது: 85 வாட், இரண்டு 12 இஞ்ச், கிட்டத்தட்ட 29 கிலோ. ரோலண்ட் 1975-இல் கொண்டுவந்த ஜேசி-120-உம் திறந்ததுதான். 60 வாட்டாக இரண்டு தனித்தனி ஆம்ப்கள் அதற்குள் இருக்கின்றன. ஒரு ஸ்பீக்கரில் நேர் ஒலியும் மற்றதில் அசைந்தாடும் ஒலியும் வந்து காற்றில் கலப்பதால் அதன் கோரஸ் அத்தனை விரிவாகக் கேட்கிறது. திறந்த பெட்டி முன்னும் பின்னும் ஒலியை வீசும். பக்கவாட்டில் முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பேஸும் மெலியும். குற்றாலத்தில் ஒரு விடுதியின் சின்ன ஹாலில் வாசிக்கும்போது இது வரம். பின்னால் இருக்கும் டிரம்மருக்கும் கேட்கும், சுவரும் ஒலியைத் திருப்பித் தரும்.

கொடை மேடையில் பின்னால் இருப்பது துணித் திரை. திரைக்கு அப்பால் ஜெனரேட்டர். பின்பக்கம் போகும் ஒலி யாருக்கும் பயன்படாமல் வெட்டவெளிக்குப் போகிறது. திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் 6 டெசிபெல் குறைந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ராயகிரி போன்ற ஊர்களின் மேடைக்கு மூடிய பெட்டியில் ஒரே ஒரு 12 இஞ்ச் ஸ்பீக்கர்தான் பொருத்தம் என்பது இந்த இதழின் தெளிவான கருத்து. பேஸ் இறுக்கமாக இருக்கும். ஒலி பெரும்பாலும் முன்நோக்கிப் போவதால் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் மைக்குகளில் கசிவது குறையும். தூக்குவதும் எளிது.

வைக்கும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஆயிரம் ஹெர்ட்ஸ் தாண்டியதும் ஒலியைக் குவித்து நேரே அனுப்பத் தொடங்கும். பெட்டி தரையில், கலைஞரின் கெண்டைக்காலைப் பார்த்து இருந்தால் அவர் காதுக்கு மந்தமாகக் கேட்கும். அவர் ட்ரெபிளைக் கூட்டுவார். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் காதைத்தான் அது பதம் பார்க்கும். பெட்டியைப் பின்னால் சாய்த்து, வாசிப்பவரின் காதைப் பார்க்க வைக்க வேண்டும். பலகை மேடை என்றால் அடியில் இரண்டு ஹாலோ பிளாக் கல் வைப்பது நல்லது. இல்லாவிட்டால் மேடைப் பலகையே பேஸ் பெட்டியாக மாறி உறுமும். உள்ளீடற்ற கிட்டாராக இருந்தால் அங்கேயே ஃபீட்பேக் தொடங்கிவிடும்.

அகூஸ்டிக் கிட்டார் வேறு கணக்கு. பயணங்கள் முடிவதில்லை (1982) படத்தின் இளைய நிலா பாடலை வாசிக்காமல் எந்தக் கிட்டார்காரரும் மேடையிலிருந்து இறங்க முடியாது. அந்த மீட்டலை, பீசோ பிக்கப் உள்ள அகூஸ்டிக்கில் வாசித்து 12 இஞ்ச் கிட்டார் பெட்டியில் கேட்டால் கம்பளி போர்த்தியதுபோல் இருக்கும். அதற்கு உயர்ந்த சுரங்களையும் தரும் பெட்டி வேண்டும். ஜெர்மனியின் ஏஇஆர் காம்பேக்ட் 60 இந்த வேலைக்குப் பேர்போனது. 8 இஞ்ச் ஸ்பீக்கர், 60 வாட், எடை ஏழு கிலோவுக்கும் குறைவு. அது கட்டுபடியாகாத குழுவுக்கு டிஐ வழியாக டவர் பெட்டியும் ஒரு மானிட்டரும் போதும். ஒரே பெட்டியில் இரண்டு கிட்டாரையும் திணிப்பதில் பயனில்லை.

வால்வு ஆம்ப் வேண்டுமா என்ற கேள்வி இளைஞர்களிடம் அடிக்கடி எழுகிறது. சாரல் காலத்தில் குற்றாலத்தையும் தென்காசியையும் சுற்றி ஈரக்காற்று ஓயாது. வால்வு ஆம்புக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. மேட்டுப்பாதையில் குலுங்கும் வேனில் கண்ணாடி வால்வுகளைக் கொண்டுபோவதும் எளிதல்ல. ஸ்டுடியோவுக்கு வால்வு, கொடைக்கு டிரான்சிஸ்டர். ஜேசி-120-உம் பாலிடோனும் டிரான்சிஸ்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மைக் செட்காரர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உயிரையும் உடைமையையும் தொடுபவை. குழாய் யூனிட்டுகளுக்கான ஆம்ப்களில் 100 வோல்ட் லைன் அவுட்புட் இருக்கும். லைன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 8 ஓம் கிட்டார் பெட்டியை அதில் மாட்டினால் ஸ்பீக்கர் காயில் கருகும், ஆம்பும் கூடவே போகலாம். 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாக மாட்டினால் 4 ஓம். ஆம்ப் அதைத் தாங்குமா என்று பின்பலகையைப் படித்த பிறகே மாட்ட வேண்டும். இன்னொன்று எர்த். கிட்டார்காரரின் விரல் தந்தியில், உதடு மைக்கில். கிட்டார் ஆம்ப் ஒரு ஃபேஸிலும் மிக்ஸர் இன்னொரு ஃபேஸிலும் இருந்து, எர்த்தும் சரியில்லாவிட்டால், இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு மனித உடல். இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை முறிப்பவரை எந்த மேடையிலும் வைத்துக்கொள்ளக் கூடாது. மேடை முழுவதற்கும் ஒரே பாயிண்டிலிருந்து மின்சாரம், ஜெனரேட்டர் அருகே ஈர மண்ணில் எர்த் கம்பி, 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் பிரேக்கர். சீரியல் லைட்டுக்குத் தனி லைன் இழுத்தால் இரைச்சலும் குறையும்.

சட்டமும் சின்னப் பெட்டியின் பக்கமே நிற்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்பது வரம்பு. பொது இடத்து ஒலிபெருக்கி, அந்த இடத்தின் எல்லையில், இந்த வரம்புக்கு மேல் 10 டெசிபெல் அல்லது மொத்தம் 75 டெசிபெல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. சின்னப் பெட்டிகளால் மேடையில் ஒவ்வொருவருக்கும் தன் வாத்தியம் பக்கத்திலேயே தெளிவாகக் கேட்டால் மானிட்டரைக் கூட்டச் சொல்லும் சண்டை ஓயும். மானிட்டர் இறங்கினால் டவரையும் இறக்கலாம்.

எனவே சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி வட்டாரத்து சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர்களிடம் இந்த இதழ் ஒரு கோரிக்கை வைக்கிறது. அடுத்த பங்குனி, சித்திரை கொடைகளுக்கு முன் வாடகைப் பட்டியலில் ஒரு வரி சேருங்கள்: மூடிய பெட்டியில் ஒரு 12 இஞ்ச் கிட்டார் ஸ்பீக்கர், 50 வாட்டுக்குக் குறையாத டிரான்சிஸ்டர் ஆம்ப், சாய்த்து வைக்க ஒரு ஸ்டாண்டு, ஒரு டிஐ பெட்டி, பெட்டியின் முன் வைக்க ஒரு டைனமிக் மைக். கச்சேரிக் குழுத் தலைவர்கள் முன்பணம் வாங்கும் அன்றே இந்த வரியைக் கேட்டு எழுதி வாங்கட்டும். கிட்டார்காரர் விளக்கு வைப்பதற்கு முன்பே மேடைக்கு வந்து, மிக்ஸரில் நிற்பவரோடு சேர்ந்து மைதானத்தின் நடுவிலும் கடைசி வரிசையிலும் நின்று ஒரு கார்டைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.