பழவேற்காட்டு அம்மியும் மசாலாப் பையும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் மிளகு விளைவதில்லை; கிராம்பு விளைவதில்லை. உவர்நீரும் மணலும் சூழ்ந்த அந் நெய்தல் நிலத்தின் விளைச்சல் மடவையும் இறாலும் நண்டுமே. எனினும் உலகக் கறிச்சரக்கு வணிகத்தில் அவ்வூருக்கு ஓர் இடம் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அங்கே குடியேறினர். பின்வந்த ஒல்லாந்தர் 1613-இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். அவர்கள் நாடிவந்தது இக்கரையின் துணியை. அத்துணியைக் கீழைத் தீவுகளில் கொடுத்துக் கிராம்பும் சாதிக்காயும் மாற்றாகப் பெற்று, ஐரோப்பாவில் அவற்றைப் பொன்னாக்கினர். தமிழ்த் தறியாளனின் உழைப்பே ஒல்லாந்தன் வீட்டுக் கறிக்கு மணமூட்டிற்று என்றால் மிகையன்று.

போர்த்துக்கீசியர் கப்பலில் அமெரிக்க நிலப்பரப்பிலிருந்து ஒரு காயும் இந்நாட்டிற்கு வந்தது. அதனைக் கண்ட தமிழர் என் செய்தனர்? கொண்டுவந்தவனிடம் பெயரையும் சேர்த்துக் கடன் வாங்கினரா? இல்லை. மிளகுபோல் உறைக்கும் காய் என்று கண்டு மிளகாய் எனப் பெயரிட்டனர். பொருள் அயல், பெயர் தமிழ். மிளகிற்கே கறி என்பது பழம்பெயர். புகார் நகரில் குவிந்த பண்டங்களைச் சொல்லும் பட்டினப்பாலை அப்பெயராலேயே அதனைக் குறிக்கிறது. கறி என்னுஞ் சொல்லை ஆங்கிலர் கடல் கடத்திக் கொண்டுபோய், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் கடைகளில் கறித்தூள் விற்றனர்.

ஆங்கிலனுக்கு இனித்த அச்சொல் தமிழ்நாட்டுக் கடைக்காரனுக்குக் கசக்கிறது! மீன் மசாலா, நண்டு மசாலா, குழம்பு மசாலா என்று அடுக்கிவைத்திருக்கிறான். மசாலா அரபியில் பிறந்து, பாரசீகத்திலும் உருதுவிலும் வளர்ந்து வந்த சொல். அம்மொழிகளுக்கு அது அணியே. அவற்றைப் பேசுவோர்மீது குறையில்லை. கறித்தூள், குழம்புத்தூள், அரைப்பு என மூன்று சொற்களை வீட்டில் வைத்துக்கொண்டு நான்காவதைக் கடன் கேட்பவன்மீதே குறை.

சொல்லோடு போயிற்றா? அச்சொல்லின் பின்னே ஓர் அறிவும் போகிறது. கூனங்குப்பத்திலும் கோரைக்குப்பத்திலும் உள்ள முதிய மீனவப் பெண்ணுக்கு எல்லா மீனுக்கும் ஒரே தூள் என்பது நகைப்பிற்குரியது. குழம்புத்தூளுக்குக் கொத்துமல்லி மிகுதி. குழம்பைத் திரளச் செய்வது அதுவே. காய்ந்த மிளகாய் அதனினும் குறைவு. வெந்தயம் ஒரு சிட்டிகை கூடினாலும் சட்டி முழுதும் கசக்கும். பட்டையும் கிராம்பும் மீன்குழம்பை அண்டக்கூடா; அவை மீனின் சுவையை விழுங்கிவிடும். நண்டிற்கோ மிளகும் சீரகமும் அம்மியில் அப்போதே அரைபடவேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கும் சுறாப்புட்டில் மிளகாயின் கை தாழ்ந்து, மஞ்சளும் மிளகும் பூண்டும் மேலெழும். ஏரிமீனின் சேற்று வாடைக்கு மஞ்சளும் உப்பும் இட்டுக் கழுவுவதும், புளியைத் தாராளமாகக் கரைப்பதும் அவர்கள் வழக்கம். மீன்வாடைக்குரிய அமின் பொருள்களைப் புளிப்பு அடக்கும் என்று இன்றைய வேதியியல் சொல்கிறது. அம்மி அதனை முன்பே செய்துகாட்டியது.

பையில் வருந்தூளில் என்ன இருக்கிறதென்று யாரறிவார்? 2005-இல் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான உணவுப்பொருள்கள் கடைகளினின்று நீக்கப்பட்டன. அவற்றிற் சேர்ந்த மிளகாய்த்தூளில் சூடான் என்னும் செஞ்சாயம் கலந்திருந்ததே காரணம். 2024-இல் இந்தியாவிலிருந்து சென்ற மீன்கறி மசாலா ஒன்றைச் சிங்கப்பூர் திரும்பப் பெறச் செய்தது. ஆங்காங்கு அதனோடு வேறு மூன்றையும் விலக்கிற்று. அவற்றில் காணப்பட்டது எத்திலீன் ஆக்சைடு. புற்றுநோய் விளைப்பதென ஐயமறத் தெளிந்த நஞ்சு. அயல்நாடு ஆய்ந்து தள்ளிய பின்னரே இந்நாட்டில் பரபரப்பு எழுந்தது. தன் நாட்டு மக்கள் உண்பதை முதலில் ஆய்ந்திருக்க வேண்டாவோ?

அம்மியை மீண்டும் பெண்ணின் தோளில் ஏற்றுக என்பது இங்குக் கருத்தன்று. விடியுமுன் மீன்கூடை சுமந்து பொன்னேரிக்கும் சென்னைக்கும் போய்வருபவளுக்கு அரைக்க நேரமேது? மாவாலைகள் உள்ளன, மகளிர் தன்னுதவிக் குழுக்கள் உள்ளன. ஏரிமுகம் மணலால் தூர்ந்து வலை வெறுமையாகும் நாள்களில் அக்குழுக்களுக்கு ஒரு தொழில் வேண்டும். வலைக்குக் கடன் தரும் அரசு தூளுக்கும் ஆயிரக்கணக்கில் முதல் தந்தால் போதும். கொத்துமல்லி இத்தனை, மிளகாய் இத்தனை, வெந்தயம் இத்தனை, அரைத்த நாள் இது என்று பையின்மேல் தமிழில் அச்சிட்டு, பெரிய எழுத்தில் ‘பழவேற்காட்டு மீன்குழம்புத் தூள்’ என்று பெயரும் பொறிக்கட்டும். நண்டிற்குரியது தனிப்பையில் வரட்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் கோரைக்குப்பத்து மூதாட்டியரே வாங்கமாட்டார்கள்.